செப்புக் கம்பியும் சிறு பெட்டியும்

புதிய கருவியொன்று வீட்டுக்குள் நுழையும்போது மாந்தர் இருவகையிற் பிழை செய்கின்றனர். புதியது என்பதனாலேயே அதனை வாரி அணைத்துக் கொள்வது ஒரு பிழை. புதியது என்பதனாலேயே அதனை வாயிலில் நிறுத்தி வைப்பது மற்றொரு பிழை. இரண்டும் வெவ்வேறாகத் தோன்றினும் இரண்டற்கும் வேர் ஒன்றே. அக்கருவி எதனைத் தருகின்றது, எதனைக் கொண்டுபோகின்றது என்று கேளாமையே அவ்வேர். தருவதை விளம்பரம் உரத்துச் சொல்லும். கொண்டுபோவதை விற்போர் எவரும் சொல்லார். அதனைக் கேட்டறியும் பொறுப்பு வாங்குவோரைச் சார்ந்தது.

உள்ளங்கையில் அடங்கும் சிறு பெட்டியொன்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உலகெங்கும் வீட்டுத் தொலைபேசியின் போக்கை மாற்றி வருகின்றது. அதில் பழைய தொலைபேசியின் கம்பியைச் செருகுவதற்கு ஒரு துளை. இணையக் கம்பியைச் செருகுவதற்கு ஒரு துளை. மின்னோட்டம் பெறுவதற்கு ஒரு துளை. புறத்தே காணப்படுவது இவ்வளவே. கடைத்தெருவில் 'அடாப்டர்' என்று வழங்கும் இதனைத் தமிழில் 'தகவி' எனல் தகும். ஒன்றற்கொன்று தகாத இரண்டைத் தகவுறச் செய்வதே அதன் தொழிலாகலின் என்க. எண்விசைகளை அழுத்தும் பழைய தொலைபேசி, தன் உடலில் ஒரு திருகாணியும் மாறாமல், இத்தகவியின் துணையால் இணையவழிப் பேசத் தொடங்கிவிடுகின்றது. பேசுவோர்க்கு வேறுபாடு தோன்றுவதில்லை. அதே கைப்பிடி, அதே மணியோசை, எடுத்தவுடன் அதே முரலொலி. வேறுபாடு தோன்றாமையே இக்கருவியின் சிறப்பு. அதுவே இடரும் ஆகும்.

இதனை விளங்கிக் கொள்ளப் பழைய கம்பி செய்துவந்த பணியை முதற்கண் அறிதல் வேண்டும். 1876-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் உருவாகி நிலைபெற்ற அமைப்பில், ஒவ்வொரு வீட்டிற்கும் முறுக்கிய இரு செப்புக் கம்பிகள் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வந்தன. அக்கம்பிகள் குரலை மட்டும் சுமந்தன அல்ல. தொலைபேசி உயிர்த்திருப்பதற்கு வேண்டிய மின்னோட்டத்தையும் சுமந்தன. இணைப்பகத்திலுள்ள பெரிய மின்கல அடுக்குகள் ஏறத்தாழ 48 வோல்ட்டு அழுத்தத்தில் அம்மின்னோட்டத்தை இடையறாது வழங்கின. கைப்பிடியை எடுத்தவுடன் சுற்று மூடப்பட்டு மின்னோட்டம் பாயும். அதனைக் கண்டு இணைப்பகம் விழித்து முரலொலி எழுப்பும். மணியடிக்க வேண்டின், 75 முதல் 90 வோல்ட்டு வரை அழுத்தமுடையதும் நொடிக்கு 20 அல்லது 25 முறை திசைமாறுவதுமாகிய மற்றொரு மின்னோட்டத்தை இணைப்பகம் அனுப்பும்.

ஆகவே ஊர் முழுதும் விளக்கணைந்த இரவிலும் தொலைபேசி மட்டும் பேசியது. மின்வெட்டுக்குப் பழகிய தமிழகத்து வீடுகளுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. விசிறி நின்றுவிடும், விளக்கு அணைந்துவிடும், இருளில் தடவிச் சென்று கைப்பிடியை எடுத்தால் முரலொலி கேட்கும். எங்கோ ஓர் இணைப்பகத்தில் மின்கலங்கள் காத்திருந்தன; அவை தீர்ந்தால் மின்னாக்கப் பொறி காத்திருந்தது. வீட்டாரிடம் ஒன்றும் கேளாமல் அவ்விணைப்பகம் அவர்க்காகக் காவல் நின்றது. மாதக் கட்டணத்தில் அக்காவலுக்கெனத் தனி வரி எழுதப்பட்டதில்லை. எழுதப்படாமையால் அஃது ஒரு பேறென்றே எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இனித் தகவி செய்யும் பணியைக் காண்க. குரல் என்பது காற்றின் அலை. தொலைபேசி அதனை மின்னலையாக மாற்றித் தருகின்றது. தகவி அம்மின்னலையை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதுகின்றது. ஓர் எண்ணுக்கு 8 நுண்குறிகள் வீதம், ஒரு நொடிக் குரல் 64,000 நுண்குறிகளாக ஆகின்றது. அவ்வெண்களை 20 மில்லி நொடிக்கு ஒருமுறை கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் சேரவேண்டிய முகவரியை எழுதி, இணையத்துள் விடுகின்றது. நொடிக்கு 50 பொதிகள் இவ்வாறு புறப்படுகின்றன. அவை ஒரே வழியிற் செல்லவேண்டும் என்பதில்லை. புறப்பட்ட வரிசையிலேயே போய்ச் சேரும் என்பதுமில்லை. மறுமுனையிலுள்ள பொறி அவற்றை வரிசைப்படுத்தி, வாராது போனவற்றின் இடத்தை ஒருவாறு நிரப்பி, எண்களை மீண்டும் அலையாக்கிக் காதுக்குத் தருகின்றது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குரல் சேர்வதற்கு 150 மில்லி நொடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. அதனை மிகவும் கடந்தால் இருவரும் ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் விழுவர்.

யாரை அழைப்பது, மணியடிப்பது எப்போது, பேச்சு முடிந்தது என்று அறிவிப்பது எவ்வாறு என்பவற்றுக்கும் ஒரு மொழி வேண்டுமன்றோ? பொறிகள் தம்முள் பேசிக்கொள்ளும் அம்மொழி 'சிப்' என்னும் பெயரால் 1999-இல் வரையப்பெற்று, 2002-இல் திருத்தமான வடிவம் பெற்றது. தகவி விழித்தவுடன் தன் நிறுவனத்தின் வழங்கியைத் தேடிச் சென்று, 'இன்ன எண்ணுக்குரிய நான் இன்ன இணைய முகவரியில் இருக்கின்றேன்' என்று பதிந்து வைக்கும். அப்பதிவைக் கொண்டே அவ்வெண்ணுக்கு வரும் அழைப்புகள் அவ்வீட்டைத் தேடி வருகின்றன.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கைப்பிடியை எடுத்தவுடன் கேட்கும் முரலொலி முன்பு இணைப்பகத்திலிருந்து வந்தது. இற்றைநாளில் அதனை எழுப்புவது வீட்டிலுள்ள தகவியே. இணைப்பகம் போல் அது நடிக்கின்றது. 48 வோல்ட்டுப் போல் ஓர் அழுத்தத்தைத் தானே உண்டாக்குகின்றது. மணியடிக்கும் மின்னோட்டத்தையும் தானே ஆக்குகின்றது. பழைய தொலைபேசி, தான் இன்னும் இணைப்பகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கின்றது. வீட்டாரும் அவ்வாறே நம்புகின்றனர். அந்நடிப்புக்கு வேண்டிய மின்னோட்டம் எங்கிருந்து வருகின்றது எனின், வீட்டுச் சுவரிலுள்ள செருகுதுளையிலிருந்தே வருகின்றது. அத்துளையில் மின்னோட்டம் நின்றால் தகவி நிற்கும்; இணையத் திசைவி நிற்கும்; தொலைபேசி ஊமையாகும்.

இனி அதன் நலத்தை மறைத்துப் பேசுதல் முறையன்று. இணையவழிக் குரலை மக்கள் கைக்குக் கொணர்ந்த முதன்மையான முயற்சி 1995-இல் இசுரேல் நாட்டு 'வோக்கல்டெக்' நிறுவனத்தால் நிகழ்ந்தது. அன்று கணினியின் முன்னமர்ந்தே பேசவேண்டியிருந்தது. தகவி வந்தபின் கணினி வேண்டாதாயிற்று. அமெரிக்காவில் 'வோனேசு' போன்ற நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் தகவிகளை வீடுதோறும் அனுப்பி, திங்கள்தோறும் ஒரே கட்டணத்துக்கு உள்நாடு முழுதும் பேசலாம் என்றன. தொலைவுக்கு ஏற்ப மணித்துளிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வந்த பழைய நிறுவனங்களின் கோட்டை அன்று ஆட்டங்கண்டது. பொதி செல்லும் தொலைவு பத்துக் கல்லாயினும் பத்தாயிரங் கல்லாயினும் இணையத்துக்கு ஒன்றேயாகலின், தொலைவுக்குக் கூலி கேட்கும் வழக்கு நிலைகுலைந்தது.

பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இது செய்த நன்மை சிறிதன்று. அமெரிக்காவில் எண் பெற்ற தகவியை அங்குள்ள மகன் சென்னையிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பி வைப்பான். பெற்றோர் வீட்டு மூலையில் அப்பெட்டி இருக்கும். மகன் தன்னூர் எண்ணை அழைப்பதுபோல் அழைப்பான். மணி சென்னையில் அடிக்கும். திங்களுக்கு ஒருமுறை மணித்துளிகளை எண்ணி எண்ணிப் பேசிய தாய், நாள்தோறும் சமையல் முடியும்வரை பேசிக்கொண்டிருந்தாள். இதனைத் தந்த நுட்பத்தைப் பழிப்பவர் நன்றியறியாதவராவர்.

ஆயினும் இந்நன்மையின் உள்ளேதான் இழப்பும் உறைந்துள்ளது. அமெரிக்க எண் சென்னையில் மணியடிக்கின்றது எனின், எண்ணுக்கும் இடத்துக்கும் இருந்த உறவு அறுந்தது என்பது பொருள். செப்புக் கம்பிக்குக் குறித்த ஒரு வீடு உண்டு. அக்கம்பி எத்தெருவில் எவ்வீட்டில் முடிகின்றது என்பது இணைப்பகத்துக்குத் தெரியும். தகவிக்கு வீடில்லை. இணையம் எங்குளதோ அங்கெல்லாம் அது வாழும். கூப்பிடுவோர் எங்கிருக்கின்றார் என்பது, இன்பவுரையாடலுக்குத் தேவையில்லை. இடுக்கண் வந்துற்றபோதோ அதுவொன்றே தேவை.

தொலைபேசி வெறும் பேச்சுக் கருவியன்று, உயிர்காக்கும் கருவி என்று உலகம் கற்றுக்கொண்டது எளிதில் அன்று. 1935-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் மாநகரில் விம்போல் தெருவில் ஒரு மருத்துவரின் வீடு தீப்பற்றி எரிந்தது. எதிரில் இருந்தவர் தீயணைப்புப் படையை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்தில் மற்றை அழைப்புகளோடு அவர் அழைப்பும் வரிசையில் நின்றது. ஐந்து பெண்டிர் அத்தீயில் மாண்டனர். வெகுண்ட அம்மனிதர் செய்தித்தாளுக்கு மடல் எழுதினார், அரசு உசாவியது, 1937-ஆம் ஆண்டு சூன் 30 அன்று இலண்டனில் 999 என்னும் இடுக்கண் எண் பிறந்தது. அவ்வெண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் செவ்விளக்கு எரியும், ஊதல் ஒலிக்கும், எல்லா அழைப்பையும் விடுத்து அதனை எடுத்தாக வேண்டும். ஐந்து உயிர்களின் சாம்பலிலிருந்து எழுந்த உரிமை அது. கம்பியை வைத்திருப்பவன் வெறும் வணிகன் அல்லன், காவற்கடன் பூண்டவன் என்னும் அறம் அன்று நிலைநாட்டப்பட்டது.

அவ்வறத்தைத் தகவி தன்னோடு கொண்டுவந்ததா? முதலில் கொண்டுவரவில்லை. அமெரிக்காவில் இணையவழித் தொலைபேசி பரவிய தொடக்க ஆண்டுகளில், 911 என்னும் இடுக்கண் எண்ணை அழைத்தவர் சிலர்க்குப் பதிவுசெய்த குரலே மறுமொழியாயிற்று. வேறு சிலரின் அழைப்பு அலுவலகத் தொலைபேசிக்குச் சென்று கேட்பாரற்று ஒலித்தது. அதே தொலைபேசி, அதே முரலொலி, அதே எண். உதவி மட்டும் வரவில்லை. அதன்பின்னரே 2005-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் ஆணை பிறப்பித்தது: பொதுத் தொலைபேசியோடு இணைந்த இணையவழி நிறுவனங்கள் யாவும், 120 நாளுக்குள், இடுக்கண் அழைப்பை அவ்வூர்க் காவல் நடுவத்துக்கே சேர்த்தல் வேண்டும், அழைப்பவர் பதிந்த முகவரியையும் உடனனுப்புதல் வேண்டும். நன்று. ஆயின் அம்முகவரி, வாங்கியவர் எழுதித் தந்த முகவரியேயாம். வீடு மாறியவர் அதனைத் திருத்தி எழுத மறந்தால், உதவி பழைய வீட்டுக் கதவைத் தட்டும்.

இவையெல்லாம் விரும்பி வாங்கியவரைப் பற்றிய செய்திகள். விரும்பாதவர் வீட்டிலும் இப்பெட்டி வந்து அமரும் காலம் பின்னர் வந்தது. பிரித்தானியத்தின் பட்டறிவு அதற்குச் சான்று. அங்குச் செப்புக்கம்பித் தொலைபேசியை அடியோடு நிறுத்திவிட்டு எல்லாக் குரலையும் இணையவழி செலுத்துவதெனத் தொலைபேசி நிறுவனங்கள் முடிவு செய்தன. செப்புக் கம்பிகளும் பழைய இணைப்பகப் பொறிகளும் முதுமையுற்றன. மாற்று உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. அவற்றைப் பேணத் தெரிந்த வல்லுநரும் ஓய்வு பெறுகின்றனர். இவை பொய்யான கரணியங்கள் அல்ல. 2023 செத்தம்பர் தொட்டுப் புதிதாகச் செப்புவழித் தொலைபேசி இணைப்பு விற்பது அங்கு நிறுத்தப்பட்டது. வீட்டார் தம் தொலைபேசியைச் சுவரிலிருந்து பிடுங்கித் திசைவியிலோ தகவியிலோ செருகிக்கொள்ள வேண்டும். வேலை அவ்வளவுதான் என்று சொல்லப்பட்டது.

அவ்வளவுதானா என்பதற்குக் காற்று மறுமொழி சொல்லிற்று. 2021 நவம்பர் இறுதியில் 'ஆர்வென்' என்னும் புயல் ஆங்கிலநாட்டின் வடபகுதியையும் காட்லாந்தையும் தாக்கியது. பத்து நூறாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மின்னோட்டம் நின்றது. அவற்றுள் ஏறத்தாழ 4,000 வீடுகள் ஒரு கிழமைக்கு மேலும் இருளில் கிடந்தன. மின்னோட்டம் இன்றிக் கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் ஓய்ந்தன. அந்நிலையில் செப்புக் கம்பியுள்ள வீட்டில் குரல் எழுந்தது. இணையவழிக்கு மாற்றப்பட்ட வீட்டில் குரலில்லை. பி.டி. நிறுவனம் தன் மாற்றப் பணியை 2022 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. மக்களுக்கு வேண்டிய மாற்று ஏற்பாடுகளைச் செய்யாமல் முந்திவிட்டதாக ஒப்புக்கொண்டது. பின்னர்ப் பணி மீண்டும் தொடங்கிற்று.

அடுத்த இடரோ தனித்து வாழும் முதியோரை நேரே தொட்டது. பிரித்தானியத்தில் ஏறத்தாழ 18,00,000 பேர் கழுத்திலோ மணிக்கட்டிலோ ஓர் உதவிப் பொத்தானை அணிந்துள்ளனர். தவறி விழுந்தால் அதனை அழுத்துவர். வீட்டிலுள்ள பெட்டி தொலைபேசிக் கம்பிவழிக் காவல் நடுவத்தை அழைத்து, யார் அழைக்கின்றார் என்பதை ஒலிக்குறிகளாற் சொல்லும். அவ்வொலிக்குறிகள் செப்புக் கம்பியில் செவ்வனே சென்றன. இணையவழியிலோ, மாந்தக் குரலுக்கென வகுத்த முறையில் ஒலி சுருக்கப்படும்போதும், பொதி ஒன்று தொலையும்போதும், குறி சிதைந்துவிடுகின்றது. பேசுகின்ற மாந்தர்க்கு ஒரு சொல் விட்டுப்போனால் 'என்ன சொன்னீர்?' என்று கேட்பர். பொறிக்கு அவ்வாறு கேட்கத் தெரியாது. அது வாளா இருக்கும். மேலும், உதவிப்பெட்டி சுவரிலுள்ள பழைய துளையிலேயே செருகப்பட்டிருக்க, உயிரோட்டம் திசைவிக்கு மாறிவிட்டால், பெட்டி பார்வைக்கு இருக்கும், பயனுக்கு இராது. 2023-ஆம் ஆண்டில் இப்பொத்தான்கள் வேலை செய்யாது போன கொடிய நிகழ்ச்சிகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு திசம்பரில் அரசு தொலைபேசி நிறுவனங்களை அழைத்து, இத்தகையோரைக் காப்பதற்கான உறுதிமொழியில் ஒப்பமிடச் செய்தது. 2025 இறுதியில் முடிப்பதாக இருந்த மாற்றம் 2027 சனவரி வரை தள்ளி வைக்கப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? நுட்பம் குறையுடையது என்பதன்று. நுட்பம் வகுத்தோர் தம் பணியை ஒழுங்காகவே செய்துள்ளனர். 1937-இல் நிலைநாட்டப்பட்ட காவற்கடன், கம்பி மாறும்போது யார் தோளுக்கு மாறிற்று என்பதே வினா. முன்பு அக்கடன் இணைப்பகத்தின் தோளில் இருந்தது. தகவி வந்தபின், ஒரு சொல்லும் எழாமல், அது வீட்டாரின் தோளுக்கு இறங்கிவிட்டது. மின்கலம் வாங்கி வைப்பது அவர் பொறுப்பு. முகவரியைத் திருத்துவது அவர் பொறுப்பு. உதவிப்பெட்டியை ஆய்ந்து பார்ப்பது அவர் பொறுப்பு. இளையோர்க்கும் செல்வர்க்கும் இப்பொறுப்பு பொருட்டன்று; கைப்பேசி உண்டு, மின்கலம் வாங்கப் பணமும் உண்டு. எண்பது அகவையில் தனியே வாழும் மூதாட்டிக்கு அவ்வாறன்று. எவரால் சுமக்க இயலாதோ அவர் தலையில் சுமையேற்றி, எவரால் எளிதிற் சுமக்க இயலுமோ அவர் கைவீசி நடப்பது எவ்வகையிலும் அறமாகாது.

பிரித்தானியத் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்பாகிய 'ஆப்காம்', வீட்டுத் தொலைபேசியையே நம்பி வாழ்வோர்க்கு, மின்னோட்டம் நின்றபின் குறைந்தது ஒரு மணிநேரமேனும் இடுக்கண் அழைப்புச் செய்யும் ஏற்பாட்டை நிறுவனங்கள் செய்து தருதல் வேண்டும் என்று வகுத்துள்ளது. கொள்கை நன்று, அளவு சிறிது. புயல் ஒரு மணிநேரத்தில் ஓய்ந்துவிடுவதில்லை. ஒரு கிழமை இருளிற் கிடந்த வீடுகளுக்கு ஒரு மணிநேரக் காவல், கடலில் வீழ்ந்தவனுக்கு ஒரு முழக் கயிறு போன்றது.

இஃது அயல்நாட்டுக் கதை என்று தமிழகத்தார் ஒதுக்கிவிடுதல் ஆகாது. இந்திய நாட்டில் இணையவழிப் பேச்சுக்கு 2002 ஏப்பிரல் 1 முதல் இசைவு கிடைத்தது. கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து அயல்நாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். இணையத்திலிருந்து உள்நாட்டுத் தொலைபேசியை அழைத்தல் ஆகாது என்று அன்று வேலியிடப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் அவ்வேலி தளர்ந்து, உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையவழித் தொலைபேசியை எண்ணோடு வழங்க வழி திறந்தது. இதற்கிடையே செப்புக் கம்பியின் இடத்தில் ஒளியிழை வந்தது. ஒளியிழை இணைப்புப் பெற்ற வீடுகளில், சுவரில் மாட்டிய வெண்பெட்டியின் பின்புறத்தில் தொலைபேசிக்கென ஒரு துளை இருப்பதைக் காணலாம். தகவி அதனுள்ளேயே அடக்கி வைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். 'கம்பித் தொலைபேசி வைத்திருக்கின்றோம்' என்று எண்ணியிருக்கும் வீட்டார் பலர், அறியாமலேயே இணையவழித் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

ஒளியிழை கண்ணாடியால் ஆயது. அஃது ஒளியைச் சுமக்கும், மின்னோட்டத்தைச் சுமக்காது. இணைப்பகம் விரும்பினாலும் அதன்வழி வீட்டுத் தொலைபேசிக்கு உயிரூட்ட இயலாது. எனவே புயலும் வெள்ளமும் மின்வெட்டும் புதியன அல்லாத இந்நிலத்தில், 'விளக்கணைந்தாலும் தொலைபேசி பேசும்' என்னும் பழைய நம்பிக்கை ஒளியிழை வீடுகளில் பொய்த்துவிட்டது. பொய்த்ததை இணைப்புத் தருவோர் வாயாற் சொல்லக் கேட்ட வீடுகள் அரியன.

இந்நிலையில் வீட்டார் செய்யத்தக்கவை சில உண்டு. அவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. தகவியும் திசைவியும் உண்ணும் மின்னாற்றல் சிறிதேயாகலின், அவற்றுக்கென விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டி சில மணிநேரம் தாங்கும். ஒளியிழைப் பெட்டி தனியாக இருப்பின் அதனையும் அம்மின்கலத்தோடு இணைத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் மற்றது பயன்படாது. தொலைபேசியைப் பொறுத்தவரை, கம்பியோடு கூடிய எளிய பழைய கருவியே நன்று. கம்பியில்லாக் கைப்பிடியுடைய கருவியின் அடிப்பெட்டிக்குத் தனி மின்னோட்டம் வேண்டும்; தகவி உயிரோடிருந்தாலும் அது மாண்டுவிடும். வட்டைச் சுழற்றும் மிகப் பழைய கருவியின் துடிப்புகளைப் பல தகவிகள் அறிந்துகொள்ளா. வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

வீடு மாறினால் முதல்நாளே முகவரியைத் திருத்துக. தகவியின் மறைச்சொல்லை விற்றவர் வைத்தபடியே விட்டுவிடுதல் பெரும்பிழை. பிறர் உட்புகுந்து வீட்டார் கணக்கில் அயல்நாடுகளுக்குப் பேசிவிடும் திருட்டு உலகெங்கும் நிகழ்வது. வீட்டில் ஒருவர் திரைப்படத்தை இறக்கிக்கொண்டிருக்கையில் குரல் அறுபடுமாயின், திசைவியில் குரற்பொதிக்கு முதலிடம் தருமாறு அமைத்துக்கொள்ளலாம். உதவிப் பொத்தானோ திருட்டறிவிப்பு மணியோ தொலைபேசியோடு பிணைந்திருப்பின், இணைப்பு மாறிய அன்றே ஒருமுறை அழுத்தி ஆய்ந்து பார்த்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, ஒருநாள் முதன்மை மின்விசையை வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் கைப்பிடியை எடுத்துக் கேட்பதே சிறந்த ஆய்வு. அன்று முரலொலி கேளாதெனின், உண்மையான இருள் வரும்போதும் அது கேளாது.

இவை வீட்டார் கடமை. ஆயின் வீட்டார் கடமையைச் சொல்லி நிறுவனங்களின் கடமையை மறைத்துவிடுதல் ஆகாது. செப்புக் கம்பியைக் கழற்றிச் செல்வோர் மூன்றனைச் செய்தல் வேண்டும். இனி மின்னோட்டம் நின்றால் பேச்சும் நிற்கும் என்பதை இணைப்பு மாற்றுமுன் வெளிப்படையாகச் சொல்லுதல் ஒன்று. முதியோர், நோயாளர், தனித்து வாழ்வோர் ஆகியோர்க்கு மின்கலத்தை விலையின்றித் தருதல் இரண்டு. இணைப்பைத் தந்துவிட்டுப் போகாமல், இடுக்கண் அழைப்புச் சென்று சேர்வதை அவர் கண்முன் ஆய்ந்து காட்டுதல் மூன்று. இம்மூன்றையும் அரசு ஆணையாக்குதல் வேண்டும். நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைத்தால் என்ன நிகழும் என்பதை மேலைநாடுகளின் பட்டறிவு காட்டிவிட்டது. எங்கும் ஆணை வந்தது இழப்புக்குப் பின்னரே.

சொல்லுதல் என்னுமிடத்து மொழியும் வந்து சேர்கின்றது. தகவியோடு வரும் குறிப்புத்தாள் ஆங்கிலத்தில் உள்ளது. மின்னோட்டம் நின்றால் இடுக்கண் அழைப்பும் நிற்கும் என்னும் எச்சரிக்கை அத்தாளின் கடைசிப் பக்கத்தில் எள்ளினும் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ளது. அதனைப் படித்தறியவேண்டிய மூதாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அறிவித்துவிட்டோம் என்று நிறுவனம் சொல்லும். அறியவில்லை என்று மூதாட்டி சொல்வாள். உயிர்காக்கும் எச்சரிக்கை, காக்கப்பட வேண்டியவரின் மொழியில் இல்லாவிடின், அஃது எச்சரிக்கையன்று. நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள எழுதிவைத்த முறியேயாகும். தமிழகத்தில் விற்கப்படும் ஒவ்வொரு தகவியின் நெற்றியிலும், 'மின்னோட்டம் இல்லையேல் பேச்சில்லை' என்னும் ஒரு வரி தமிழில் பொறிக்கப்படுதல் வேண்டும். அதற்காகும் செலவு ஒரு சிறு தாள்துண்டு.

சிறு பெட்டியை வாயிலில் நிறுத்தி வைக்க வேண்டுவதில்லை. அது தொலைவைச் சுருக்கியது, கூலியைக் குறைத்தது, பிரிந்த தாயையும் மகனையும் நாள்தோறும் பேச வைத்தது, குப்பைக்குப் போகவிருந்த பழைய கருவிக்கு வாழ்வளித்தது. அது வருக. ஆயின் அது வரும்போது, செப்புக் கம்பியோடு இருந்த காவற்கடன் பின்வாயில் வழியாக வெளியேறிவிடாமல் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். விம்போல் தெருவின் தீயில் மாண்ட ஐவர் அக்கடனுக்கு விலை கொடுத்துள்ளனர். மீண்டும் ஒருமுறை அவ்விலையைக் கொடுத்துத்தான் அதனைப் பெறவேண்டும் என்பதில்லை.

கம்பி போகட்டும், காவல் போகலாகாது.